சீரொளி ஒன்றன்று: கெடாவில் குறியிடும் ஒளியும் வெட்டும் ஒளியும்



இச்சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் கல்வெட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்றைய தலைப்பு வியப்பளிக்கலாம். பொருள்மீது எழுதவும் பொருளை வெட்டவும் தொழிற்சாலைகளில் பயன்படும் லேசர் ஒளியின் வகைகளை ஒப்பிட்டுப் பேச வந்துள்ளோம். மொழி மன்றத்தில் இதற்கென்ன இடம் என்று கேட்பவர்க்கு விடையாக, எங்கள் பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் மூவரும் மாணவர் பதினொருவருமாக, இம்மாநிலத்துச் சிறுநகர் ஒன்றில் இருந்த பட்டறைக்குச் சென்றோம். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குரிய வெற்றிக் கேடயங்களை அங்கே செய்யக் கொடுத்திருந்தோம். பட்டறையில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று மூடியுள்ள பெரிய பெட்டி. அக்ரிலிக் பலகையை வெட்டுவது. மற்றொன்று புதிதாக வாங்கியது. தையல் மேசை அளவே இருக்கும், மூடியில்லை, எஃகுத் தகட்டில் பெயர் எழுதுவது. உரிமையாளர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகளைக் கண்டதும் அவருக்கு மகிழ்ச்சி. பழைய இயந்திரத்தின் அருகே தொங்கிய காப்புக் கண்ணாடிகளை எடுத்து வந்து தந்தார். இவை இதற்கும் பொருந்துமா என்று எங்களுள் ஒருவர் கேட்டார். “லேசர் கண்ணாடிதானே சார், எல்லாத்துக்கும் இதுதான்” என்றார். நாங்களும் நம்பினோம். பிள்ளைகள் முறைவைத்து அணிந்துகொண்டு, மேசைமீது குனிந்து, எஃகில் தங்கள் பள்ளியின் பெயர் எழுந்து வருவதைப் பார்த்தனர்.

திரும்பும் வழியில் பேருந்தில் ஒரு மாணவி கேட்டாள்: “கண்ணாடி ஓரத்துல 10600ன்னு போட்டிருந்துச்சே சார், அது என்ன?” விடை தெரிந்தவர் எங்களுள் ஒருவர் மட்டுமே. அவர் சிறிது நேரம் பேசவில்லை. மறுநாளே பதினான்கு பேரும் கண் பரிசோதனைக்குச் சென்றோம். நல்வாய்ப்பாக எவருக்கும் ஊறு இல்லை. ஆயினும் அன்று எங்களைக் காத்தது எங்கள் அறிவன்று.

அந்த எண் என்ன சொல்கிறது, அந்தப் புதிய இயந்திரத்துக்கு அது ஏன் பொருந்தாது என்பதை விளக்கினாலே இன்றைய பொருள் முழுவதும் விளங்கிவிடும்.

லேசர் என்னும் ஒலிப்பு, தூண்டப்பட்ட கதிர்வீச்சு உமிழ்வால் ஒளியைப் பெருக்குதல் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது. அமெரிக்கரான கார்டன் கூல்டு 1957இல் தம் குறிப்பேட்டில் அப்பெயரை எழுதிவைத்தார். 1960 மே 16 அன்று தியோடர் மைமன் என்பவர் கலிபோர்னியாவில் ஒரு மாணிக்கக் கோலைக் கொண்டு முதன்முதலாக அவ்வொளியை உண்டாக்கிக் காட்டினார். தமிழில் சீரொளி என்று வழங்குகிறோம். நல்ல சொல் என்பதே எம் கருத்து. விளக்கொளியில் அலைகள் சந்தைக் கூட்டம்போல் பல நீளங்களில், பல திசைகளில், முன்பின்னாகச் செல்கின்றன. சீரொளியில் எல்லா அலைகளும் ஒரே நீளத்தில், ஒரே திசையில், ஒத்த நடையில் செல்கின்றன. யாப்பு படித்தவர்க்குச் சீர் என்றால் என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அச்சொல்லில் ஒரு குறையும் உண்டு. ஒத்த நடை என்று கூறும் அது, எந்த நடை என்று கூறுவதில்லை. ஒரு சீரொளியின் அலைநீளம் மற்றொன்றின் அலைநீளத்தைப்போல் பத்து மடங்கு, முப்பது மடங்கு இருக்கலாம். கண்ணாடி ஓரத்தில் அச்சிட்டிருந்த எண் அந்த அலைநீளமே: 10,600 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் கண் காணும் ஒளி ஏறக்குறைய 400 முதல் 700 வரை. பட்டறையின் புதிய இயந்திரத்திலிருந்து வந்த ஒளி 1,064. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. இரண்டுக்கும் பெயர் லேசர்.

ஒளியால் ஒரு பொருளை வெட்ட வேண்டுமானால், அப்பொருள் அவ்வொளியை உட்கொள்ள வேண்டும். திருப்பி அனுப்பினாலும், வழிவிட்டு நின்றாலும் வேலை நடக்காது. எந்தப் பொருள் எந்த அலைநீளத்தை உட்கொள்ளும் என்பதே சீரொளி வகைகளுக்கிடையிலான முதல் வேறுபாடு. விற்பனையாளர்கள் பெரும்பாலும் திறனைச் சொல்வார்கள்: இத்தனை வாட், அத்தனை வாட் என்று. திறன் இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

10,600 நானோமீட்டர் ஒளியைத் தருவது கரிவளிச் சீரொளி. ஒரு குழாயில் கரியமில வாயுவும் நைட்ரஜனும் ஹீலியமும் கலந்து அடைத்து மின்சாரம் செலுத்துவர். 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டறிந்தவர் குமார் பட்டேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938இல் பிறந்து, புனேயில் பொறியியல் படித்து அமெரிக்கா சென்றவர். மூன்றே ஆண்டுகளில், 1967இல், இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்டுகிராஃப்ட் என்பவர் இவ்வொளியோடு ஆக்சிஜனையும் சேர்த்துச் செலுத்தி ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். இன்று உலோகத் தகடு வெட்டும் ஒவ்வோர் இயந்திரத்திலும் ஒளிமுனையோடு வளிமுனையும் இருப்பது அன்று தொடங்கிய வழக்கம். ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து எரிந்து, தானும் வெப்பம் தரும். துருப்பிடிக்காத எஃகுக்கு நைட்ரஜன் செலுத்துவர். அது எரியாது, உருகியதை ஊதித் தள்ளும், விளிம்பு கறுக்காது.

உயிர்ப்பொருளிலிருந்து வந்தவையும் அவற்றை ஒத்தவையும் கரிவளி ஒளியை ஆவலோடு உட்கொள்கின்றன: மரம், தாள், தோல், துணி, அக்ரிலிக், ரப்பர். திருமண அழைப்பிதழில் பின்னல் வேலைப்பாடுபோல் வெட்டிய தாள், கடைப் பெயர்ப்பலகையின் அக்ரிலிக் எழுத்துகள் ஆகியவை பெரும்பாலும் இவ்வொளியின் கைவண்ணம். அக்ரிலிக்கில் இதன் வெட்டு கண்ணாடிபோல் மின்னும். ஒளி செல்லும்போதே விளிம்பு உருகி மெருகேறிவிடுவதே காரணம். வாளால் அறுத்தவனுக்கு அந்த மெருகைப் பெற அரை நாள் தேய்க்க வேண்டும்.

ரப்பரைத் தனியே சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் மேசைமீது இருக்கும் பள்ளி முத்திரையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பு அதனை அச்சில் அழுத்தி வேகவைத்துச் செய்தனர். இன்று பல கடைகளில் கரிவளி ஒளி ரப்பர்த் தாளின்மீது வரிவரியாகச் சென்று, எழுத்தல்லாத இடத்தையெல்லாம் எரித்து நீக்குகிறது. எழுத்து மட்டும் மேடாக நிற்கிறது. கந்தகம் கலந்த ரப்பர் எரியும் அந்த நாற்றம் முத்திரைக் கடை வைத்திருப்போருக்குப் பழக்கம். பால் வெட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் ஒளியால் ரப்பர் வெட்டுகிறார்கள். இதைக் கூறி நெகிழ்வதற்கு நாம் வரவில்லை. ஆனால் பால்வெட்டில் ஓர் நுட்பம் உண்டு. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் அது உதவும்.

பால்மரத்தின் பட்டையில் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த சரிவில் உளி செல்லும். ஒவ்வொரு வெட்டிலும் சீவப்படுவது ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான். பால் நாளங்கள் உட்பட்டையில் செறிந்திருப்பதால் ஆழமாகச் செல்லச் செல்லப் பால் பெருகும். ஆனால் அதற்கும் உள்ளே, மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. உளி அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னே நின்றாக வேண்டும். தொட்டுவிட்டால் காயம், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பின்னர் அந்த இடத்தில் உளி ஓடாது. விடியுமுன் தலைவிளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், அந்த ஒரு மில்லிமீட்டரை மணிக்கட்டால் அளந்தவர்கள் நம் முன்னோர்.

கரிவளி ஒளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெயர்ப்பலகைக் கடைகளில் அக்ரிலிக்கோடு பிவிசி பலகையும் அடுக்கியிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிவிசியின் எடையில் பாதிக்குமேல் குளோரின். ஒளி பட்டதும் அது ஐதரசன் குளோரைடு வளியாக வெளிவரும்; ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். நுரையீரலின் ஈரமும் ஈரந்தான். இயந்திரத்தின் தண்டுகள் சில நாளில் துருவேறுவதைக் கண்டு பலர் இதை அறிந்துகொள்கிறார்கள். தம் மார்பில் நிகழ்வதை அவ்வளவு விரைவில் அறிவதில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை உண்டு. செம்புக் கம்பியைச் சுடரில் காய்ச்சி, ஐயப்படும் பலகைத் துண்டில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டினால், குளோரின் இருப்பின் சுடர் பச்சையாகும். மிகச் சிறு துண்டைக் கொண்டு, புகைபோக்கியுள்ள ஆய்வகத்தில், ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது. இயந்திரத்தில் வைத்துச் சோதிக்கலாகாது.

இனி 1,064. இதன் பழைய வடிவம் நியோடிமியம் கலந்த படிகக் கோல். அதுவும் 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே. இன்று அதன் இடத்தைப் பெரும்பாலும் ஒளியிழைச் சீரொளி பிடித்துக்கொண்டது. இட்டெர்பியம் என்னும் அருமண் தனிமத்தைச் சிறிதளவு கலந்த, தலைமயிர் போன்ற கண்ணாடி இழைக்குள்ளேயே ஒளி பெருகுகிறது. கண்ணாடி இழை வழியாகவே வெட்டும் முனைக்கும் வந்து சேர்கிறது. கரிவளி ஒளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. சாதாரணக் கண்ணாடி அதனைத் தடுத்துவிடும் என்பதால், ஆடிகளைச் சாய்த்துச் சாய்த்து அழைத்துவர வேண்டும். ஆடியில் தூசி படிந்தால் ஒளி தளரும். ஆடி நகர்ந்தால் வழி தவறும். ஒளியிழைச் சீரொளியில் இத்தொல்லைகள் மிகக் குறைவு. மின்செலவிலும் வேறுபாடு பெரிது. உட்கொள்ளும் மின்சாரத்தில் கரிவளி இயந்திரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை ஒளியாக்கும். ஒளியிழை இயந்திரம் மூன்றில் ஒரு பங்கை ஆக்கும்.

குளிர்ந்த இரும்புப் பரப்பு 1,064 நானோமீட்டர் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உட்கொள்ளும். 10,600இல் பத்தில் ஒரு பங்கு கூட உட்கொள்வதில்லை. மேலும், அலைநீளம் பத்தில் ஒன்றானால் அதே வில்லையில் குவியும் புள்ளியும் அவ்வளவுக்குச் சிறுக்கும். ஆதலால் மெல்லிய உலோகத் தகடு வெட்டுவதில் ஒளியிழை முந்திவிட்டது. கூலிம், சுங்கை பட்டாணித் தொழிற்பேட்டைகளில் தகட்டு வேலை செய்வோரைக் கேட்டால் இதையே சொல்வர். தடித்த தகட்டில் கரிவளி வெட்டின் விளிம்பு வழவழப்பாக இருக்கும் என்று பழைய ஆட்கள் இன்றும் வாதிடுவதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. செம்பும் பித்தளையும் இவ்விரண்டுக்கும் எளிதில் பணிவதில்லை. பெரும்பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த மாநிலத்தில் இரும்பின் கதை பழையது. மெர்போக் அருகே சுங்கை பத்துவில் தொல்லியலார் கண்ட உருக்கு உலைகளின் எச்சங்களைப் பார்த்த மாணவர் உங்களுள் இருப்பீர்கள். உலைக்குக் காற்றூதிய மண்குழல்களும் அங்கே கிடைத்துள்ளன. ஒளிமுனையின் பக்கத்தில் இன்று இருக்கும் வளிமுனைக்கு அவற்றை மூத்த உறவு எனலாம்.

அதே ஒளியிழைச் சீரொளி, வெட்டாமல் எழுதவும் செய்யும். அதற்குத் தொடர்ந்த ஒளி வேண்டியதில்லை. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கை நானோநொடி என்பர். சில நானோநொடி அல்லது சில நூறு நானோநொடி மட்டுமே நீடிக்கும் துடிப்புகளாக ஒளியை விடுவர். இரண்டு சிறு ஆடிகள் விரைந்து அசைந்து அதனை எழுத்து வடிவில் நடத்தும். ஒவ்வொரு துடிப்பும் பரப்பில் ஒரு சிறு குழி தோண்டும். அல்லது, வெப்பத்தை அடக்கி வைத்தால், குழியே இன்றி எஃகின் மேற்படலத்தை நிறம் மாற்றும். அறுவைக் கருவிகளில் உள்ள கரிய எழுத்துகள் பலவும் இரண்டாம் வகையின. குழியில்லாததால் அழுக்கும் கிருமியும் தங்க இடமில்லை. தமிழில் முதல் வகையைப் பொறித்தல் என்றும் இரண்டாவதை நிறமேற்றல் என்றும் பிரித்துச் சொல்லலாம். ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருப்பதால் நாமும் வேறு சொல் தேடுகிறோம் என்று எண்ண வேண்டாம். வேலை வேறு, ஆகவே சொல் வேறு.

இப்போது கூலிமுக்கு வருவோம். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1970களில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. தோட்டத்து வாசலில் தொழிற்சாலைப் பேருந்து வந்து நின்று, பிரட்டுக்குப் போக வேண்டிய பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிச் சென்ற காலத்தை இங்குள்ள மூத்தோர் அறிவர். லூனாஸ், பாடாங் செராய் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் ஒருவர் செம்பனைத் தோட்டத்திலும் ஒருவர் சில்லுத் தொழிற்சாலையிலும் வேலை செய்தனர்.

சில்லு என்பது கறுப்புப் பிசின் கட்டியின் நடுவே இருக்கும் சிலிக்கான் துண்டு. அதன் முதுகில் பெயரும் எண்ணும் எழுத வேண்டும். முற்காலத்தில் மையால் அச்சிட்டனர். மை காய நேரம் வேண்டும், துடைத்தால் அழியும். பிறகு சீரொளி வந்தது. பிசினில் கலந்துள்ள கரித்தூள் 1,064 நானோமீட்டர் ஒளியை நன்கு உட்கொள்ளும். மேற்பரப்பு சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்துக்குப் பெயர்ந்து, வெளிறிய எழுத்துத் தோன்றும். கட்டி தடிமனாக இருந்தவரை சிக்கல் இல்லை. கைப்பேசிகள் மெலிய மெலியச் சில்லுகளும் மெலிந்தன. எழுத்துக்குக் கீழே, சிறு இடைவெளியில், மயிரினும் மெல்லிய கம்பிகள் செல்கின்றன. பிசினில் நிரப்பியாக இருக்கும் மணல்துகள்கள் இவ்வொளிக்கு வழிவிடுபவை. அவற்றினூடே ஒளி சறுக்கி உள்ளே சென்றால் எழுதும் ஒளியே சில்லைக் கெடுத்துவிடும். அதனால் மெல்லிய சில்லுகளுக்கு அவ்வொளியின் அலைநீளத்தைப் பாதியாக்கிய 532 நானோமீட்டர்ப் பச்சை ஒளியைப் பயன்படுத்துவதுண்டு. அது மேலோட்டமாகவே நின்றுவிடும்.

பால்மரத்தின் பட்டையை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். குறியிடுபவர் ஆழத்தைத் தேடுவதில்லை. எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தேடுகிறார். பாட்டியிடம் உளி பிடிக்கக் கற்ற பெண்ணின் பேத்தி கூலிமில் குறியிடும் இயந்திரத்தின் முன் நின்றால், இருவரும் இரவுச் சோற்றில் பேசிக்கொள்ளப் பொதுவான ஒன்று உண்டு. பேச ஒரு மொழியும் சொற்களும் வேண்டும், அவ்வளவே.

கூலிமில் சூரியத் தகடு செய்யும் தொழிற்சாலையும் இருக்கிறது. ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் அங்கே 2008 முதல் காட்மியம் டெலுரைடு பூசிய கண்ணாடித் தகடுகளைச் செய்கிறது. பெரிய கண்ணாடி முழுவதும் ஒரே பூச்சாக விட்டால் மின்னழுத்தம் மிகக் குறைவாகவும் மின்னோட்டம் மிக அதிகமாகவும் இருக்கும், பயன்படாது. ஆகவே சீரொளியால் பூச்சைக் கோடுகோடாகக் கீறி, பட்டைப் பட்டையான கலங்களாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துவிடுவர். பூச்சை நீக்க வேண்டும். அடியிலுள்ள கண்ணாடிக்கு எதுவும் ஆகக் கூடாது. இத்தகைய மென்படலத் தகடுகளுக்குக் கண்ணாடியைக் கடந்து சென்று பூச்சில் மட்டும் தங்கும் அலைநீளமே ஏற்றது. கரிவளி ஒளியை விட்டால் கண்ணாடி அதை உட்கொண்டு விரிசல் விடும். வாட் எத்தனை என்று மட்டும் கேட்டு இயந்திரம் வாங்குபவர், இங்கே பொருளையே இழப்பார்.

புற ஊதாச் சீரொளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரும்பாலும் 355 நானோமீட்டர். 1,064இன் மூன்றில் ஒரு பங்கு. விலை அதிகம், திறன் குறைவு. ஆனால் வெண்மையான நெகிழியில் கரிய எழுத்து வேண்டுமென்றால் இதற்கு நிகரில்லை. வெண்மை தரும் டைட்டானியம் டைஆக்சைடு இவ்வொளியை உட்கொண்டு கறுக்கும். பக்கத்தில் உருகலோ கருகலோ இராது. மருந்துக் கருவிகளிலும் மின்கம்பி உறைகளிலும் இதைக் காணலாம்.

நான்காவது வகை, ஆசிரியர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது. நீல ஒளி தரும் இருமுனையச் சீரொளி. அலைநீளம் சுமார் 450. இணையக் கடையில் சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. மாணவர்கள் வாங்கி வீட்டு மேசையில் வைத்து மரத்தில் படம் எரிக்கிறார்கள். மரம், அட்டை, தோல் ஆகியவற்றில் நன்றாகவே வேலை செய்யும். நிறமற்ற அக்ரிலிக்கை வெட்டாது, ஒளி ஊடுருவிச் சென்றுவிடும். பெரும்பாலும் மூடியில்லாத வெறும் சட்டமாக வருகிறது. சீரொளிக் கருவிகளை உலகத் தரவிதிகள் வகுப்புகளாகப் பிரிக்கின்றன. முற்றும் மூடப்பட்டு, மூடியைத் திறந்தால் ஒளி தானே அணையும் கருவி முதல் வகுப்பு. நேரே பட்டாலும் சிதறி வந்தாலும் கண்ணுக்கு ஊறு செய்வது நான்காம் வகுப்பு. பள்ளிப் பிள்ளையின் படுக்கையறையில் இருப்பது பெரும்பாலும் நான்காம் வகுப்பு. தொழிற்சாலையில் இருந்தால் 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியைப் பொறுப்பாக்கும். படுக்கையறைக்கு அச்சட்டம் வருவதில்லை.

இனி, பேருந்தில் கேட்ட கேள்விக்கு முழு விடை.

கண்ணும் ஒரு பொருளே. அதுவும் அலைநீளம் பார்த்தே ஒளியை ஏற்கிறது. 10,600 நானோமீட்டர் ஒளி பட்டால், கண்ணின் முன்பரப்பான கருவிழிப்படலம் அதை முழுவதும் உட்கொண்டுவிடும். அங்கே புண்ணாகும், வலிக்கும், உள்ளே செல்லாது. 400 முதல் 1,400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியோ கருவிழிப்படலத்தையும் வில்லையையும் கடந்து, விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவியும். கண்ணின் வில்லை அதை ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு செறிவாக்கித் தரும். பார்ப்பதற்காக அமைந்த உறுப்பின் திறமையே அங்கே அதற்குப் பகையாகிறது. நீல ஒளியாயினும் கூசும்; கால் நொடிக்குள் இமை மூடும். கால் நொடி போதுமா என்பது வேறு கேள்வி. 1,064 ஒளி தெரியாது, கூசாது, இமை மூடாது. விழித்திரையில் வலி நரம்பும் இல்லை. பார்வையில் ஒரு கரும்புள்ளி நிலைத்துவிட்ட பிறகே தெரியவரும்; அப்புள்ளி மீண்டும் தெளிவதற்கு மருந்தில்லை.

எங்கள் மாணவர்கள் அணிந்தவை தெளிந்த நெகிழிக் கண்ணாடிகள். 10,600ஐ அவை தடுக்கும். 1,064ஐ அப்படியே உள்ளே விடும். உள்ளபடி சொன்னால், அவை வெறுங்கண்ணைவிடத் தீங்கு. காப்பு உண்டு என்ற நம்பிக்கையில் பிள்ளைகள் இன்னும் கிட்டக் குனிந்தனர்.

சரியான கண்ணாடியின் ஓரத்தில் இரண்டு செய்திகள் அச்சிட்டிருக்கும். ஒன்று, எந்த அலைநீளத்திலிருந்து எந்த அலைநீளம் வரை. மற்றொன்று ஒளியடர்த்தி எண். அவ்வெண் 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளி மட்டுமே உள்ளே வரும். 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் அதன் அலைநீளமும் திறனும் வகுப்பும் எழுதியிருக்கும். இந்த இரண்டு வாசகங்களையும் ஒப்பிட்டுப் படிப்பதே முழுப் பாதுகாப்பின் தொடக்கம். அன்று பதினான்கு பேரில் அதைப் படித்தவள் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. கற்பிக்கும் தொழிலில் இருந்த மூவரும் படிக்கவில்லை.

பட்டறைக்காரரை நாங்கள் குறைகூறவில்லை. அவர் கையில் இருந்த சொல் ஒன்றுதான்: லேசர். அந்தச் சொல்லுக்கு எத்தனை ஒளி உண்டோ அத்தனைக்கும் ஒரே கண்ணாடி போதும் என்று அச்சொல்லே அவருக்குச் சொல்லிற்று. அவர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர். அதற்கு மேல் அறிவியலை அவர் மலாயில் படித்தார். அவருக்குப் பின் வந்தவர்கள், 2003 தொடங்கிச் சில ஆண்டுகள், முதலாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலத்தில் படித்தனர். ஜித்ராவிலும் கூலிமிலும் உள்ள பொலிடெக்னிக்குகளில் படிக்கும் நம் பிள்ளைகள் அலைநீளத்தை வேறு மொழியில் அறிவார்கள், தேர்வும் எழுதுவார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் தம்பியின் மேசையில் இருக்கும் நீல ஒளிக் கருவியைப் பார்த்து அக்காள் அதட்டும்போதும், பட்டறையில் மூத்தவர் இளையவரிடம் ஒரு கண்ணாடியை நீட்டும்போதும் பேசுவது தமிழில். அந்தப் பேச்சில் அலைநீளம் என்ற சொல் இல்லாதவரை, தேர்வில் எழுதிய அறிவு அங்கே வந்து நிற்காது.

ஆகவே இம்மன்றத்தின் முன் சில சொற்களை வைக்கிறோம். கரிவளிச் சீரொளி, ஒளியிழைச் சீரொளி, புற ஊதாச் சீரொளி, இருமுனையச் சீரொளி. இவற்றைவிட நல்லவை அகப்பட்டால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வோம். சீரொளி என்பது நாவில் ஏறவில்லையென்றால் லேசர் என்றே சொல்லுங்கள். அதற்காக நாம் சண்டையிடப் போவதில்லை. ஆனால் முன்னே உள்ள அடைமொழியை விட்டுவிடாதீர்கள். எண்ணையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நன்று: பத்தாயிரத்து அறுநூறு, ஆயிரத்து அறுபத்து நான்கு, நானூற்றைம்பது.

அந்தப் பட்டறைக்கு அடுத்த ஆண்டும் சென்றோம். ஒளியிழை இயந்திரத்துக்குப் பச்சை நிறக் கண்ணாடிகள் இரண்டு வாங்கி, தனி ஆணியில் மாட்டியிருந்தார். ஆணிக்கு மேலே சுவரில், மார்க்கர் பேனாவால், தமிழ் எழுத்தில் ஒன்றும் இலக்கத்தில் ஒன்றுமாக இரண்டு சொல் எழுதியிருந்தது: எஃகு, 1064. பழைய கண்ணாடிகள் பழைய இயந்திரத்தின் பக்கத்திலேயே தொங்கின. அவற்றின் மேலே அக்ரிலிக், 10600. அவ்வாண்டுக் கேடயங்களை எண்ணி வாங்கிக்கொண்டு திரும்பினோம்.